ராஸும் ரேச்சலும் பிரிந்த அந்த இரவு: ‘பிரேக்’ என்ற சொல்லுக்கு முன்னால் நடந்ததை நாம் ஏன் பேசுவதில்லை?

கீழக்கரை வாசகி எழுதியது:

ஃப்ரெண்ட்ஸ் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், ராஸ் வேறொரு பெண்ணோடு கழித்த அந்த இரவில் அவனும் அவன் காதலி ரேச்சலும் பிரிந்திருந்தார்களா இல்லையா என்ற ஒரே கேள்வியில் வந்து முட்டி நின்றுவிடுகிறது. பிரிந்திருந்தார்கள் என்பவர்கள் ராஸை விடுவித்துவிடுகிறார்கள். பிரியவில்லை என்பவர்கள் அவனைத் துரோகி என்கிறார்கள். இரண்டு தரப்பும் வழக்கறிஞர்களைப்போல, அன்று ரேச்சல் சொன்ன ‘பிரேக்’ என்ற ஒரு சொல்லின் பொருளை அறுத்து அறுத்துப் பார்க்கிறார்கள். அந்தச் சொல் பிறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ரேச்சலின் அலுவலகத்தில் நடந்ததுதான் இந்தக் காதலின் உண்மையான முறிவு என்று நான் நினைக்கிறேன்.

1997 பிப்ரவரி 13 அன்று ஒளிபரப்பான அந்த மூன்றாம் பருவ அத்தியாயத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அன்று அவர்கள் காதலின் ஆண்டு நிறைவு நாள். ரேச்சல் ப்ளூமிங்டேல்ஸ் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். வேலையில் ஏதோ குளறுபடி நேர்ந்து, அவள் இருந்து சரிசெய்தே ஆக வேண்டிய நிலை. வர முடியாது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள். ராஸ் கேட்கவில்லை. உணவுக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் அலுவலகத்துக்கே வந்து, அவளுடைய காகிதங்களை ஒதுக்கி, மேசைமேல் விரித்துவைத்து, அவள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று மிளகு அரைக்கிறான். மெழுகுவர்த்தியிலிருந்து பூக்களில் தீப்பற்றுகிறது. அவள் வெளியே போகச் சொன்னதும் அவனுக்கு மனம் புண்படுகிறது. வீட்டுக்கு வந்த பிறகு அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறான்.

என் கணவர் வளைகுடாவில் இருக்கிறார். எங்கள் ஊரில் பாதித் தெருக்களுக்கு இதுதான் கதை. நான் பள்ளி ஆசிரியை. தேர்வுக் காலத்தில் விடைத்தாள் கட்டை அவிழ்த்து உட்கார்ந்துவிட்டால் அரிசி டிரம்மின்மேல் கைப்பேசியைக் கவிழ்த்துவைத்துவிடுவேன். அவர் பணி முடித்து அறைக்கு வரும் நேரமும் என் திருத்தல் நேரமும் ஒன்றாக இருந்த மாதங்கள் உண்டு. முதல் ஆண்டில், எடுக்காவிட்டால் விடாமல் அழைத்துக்கொண்டே இருப்பார். பிறகு அவராகவே, “முடித்துவிட்டு நீயே கூப்பிடு” என்று சொல்லக் கற்றுக்கொண்டார். எங்கள் பத்தாண்டு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசுகளில் அந்த வாக்கியமும் ஒன்று. ராஸ் கற்றுக்கொள்ளாதது அதைத்தான்.

முதல் அத்தியாயத்தில் மணமேடையிலிருந்து ஓடிவந்து, அப்பாவின் பணத்தில் வாழ்ந்த கடன் அட்டைகளைக் கத்தரித்துப் போட்ட பெண் ரேச்சல். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காப்பிக் கடையில் கோப்பை ஏந்தி, கடைசியில் தான் விரும்பிய துறையில் கால் ஊன்றும்போது, அந்த வேலையைத் தன் காதலுக்குப் போட்டியாகப் பார்க்கிறவனிடம் அவள் வேறென்ன சொல்ல முடியும்? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பாம்பன் பாலத்தடி எழுதியது:

கீழக்கரைச் சகோதரிக்கு வணக்கம். நான் விசைப்படகுத் தொழில் செய்பவன். இந்தத் தொடர் முழுவதையும் ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில்தான் பார்த்து முடித்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். தொடரில் 236 அத்தியாயங்கள். வலை வேலையும் படகுக்கு வண்ணம் அடிக்கும் வேலையும் போக, நாளுக்கு நான்கு என்று கணக்கு வைத்துப் பார்த்தோம், நானும் என் மனைவியும்.

ராஸ் அலுவலகத்துக்குப் போனது தவறு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நீங்கள் ஒரு சொல்லை அற்பமாகத் தள்ளிவிட்டுப் போவதை ஏற்க முடியவில்லை. எங்களுக்கும் ஆண்டுதோறும் ஓர் இடைவெளி வருகிறது. எந்த நாளில் தொடங்குகிறது, எந்த நாளில் முடிகிறது என்பது கரையில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் படகைக் கரையில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். தேதி சொல்லாமல், காரணம் சொல்லாமல் “கடலுக்குப் போகாதே” என்று மட்டும் ஒருவர் சொன்னால் அதற்குத் தடைக்காலம் என்று பெயரில்லை. தொழில் போயிற்று என்று பொருள். சண்டையைக் கொஞ்சம் ஆறப்போடலாம் என்று அவள் சொல்கிறாள் என்றுதான் ராஸ் முதலில் எடுத்துக்கொள்கிறான். வெளியே போய் ஏதாவது சாப்பிட்டு வரலாம் என்கிறான். அவள்தான் திருத்தி, நம் இருவரிடமிருந்தே ஓர் இடைவெளி என்கிறாள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு கதவைத் தாண்டிய ஒருவன், எல்லாம் முடிந்தது என்று எடுத்துக்கொள்வதில் என்ன வியப்பு? போதாக்குறைக்கு மதுக்கடையிலிருந்து மனம் கேளாமல் அவளை அழைக்கிறான். பின்னணியில், ரேச்சலுக்கு இந்த வேலை கிடைக்க உதவிய மார்க்கின் குரல் கேட்கிறது. எந்த மனிதனைப் பற்றி வாரக்கணக்கில் சண்டை நடந்ததோ, அவனுடைய குரல்.

பாம்பனில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பாலத்துக்குத் தெற்கே கடல் கொந்தளிக்கும். அதே நேரத்தில் வடகடல் குளம்போலக் கிடக்கும். அன்று இரவு அவளுக்கு வடகடல். சண்டை நடந்தது, நாளை பேசலாம் என்றிருந்தாள். அவனுக்குத் தென்கடல். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதே என் கட்சி.

தேவிபட்டினம் அக்கா எழுதியது:

பாம்பன் தம்பி, உங்கள் உவமையையே எடுத்துக்கொள்கிறேன். தேதி தெரியாத தடை என்றே இருக்கட்டும். அறிவிப்பு வந்த முதல் இரவே, விடிவதற்குள், வேறு துறையில் படகை இறக்கிவிட்டு வருகிறவரைப் பற்றி உங்கள் கரையில் என்ன பேசுவார்கள்? ராஸ் ஒரு வாரம் காத்திருக்கவில்லை. ஒரு நாள்கூட இல்லை. ஒரே இரவு.

மறுநாள் காலையில் அவன் செய்ததை யாரும் மறக்க வேண்டாம். ரேச்சல் விடியற்காலையிலேயே அவன் வீட்டு வாசலில் வந்து நின்று சமாதானம் பேசுகிறாள். அந்தப் பெண் குளோயி கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். அவன் மனதார நம்பியது ‘பிரிந்துவிட்டோம்’ என்பதாக இருந்தால், அந்த நிமிடமே சொல்லியிருக்கலாமே. அதற்குப் பதிலாக, செய்தி எந்த வழியில் ரேச்சலிடம் போய்ச் சேரும் என்று கண்டுபிடித்து வாய்களை அடைக்க ஓடுகிறான். குளோயியிடமிருந்து அவளோடு வேலை பார்க்கும் ஐசக், ஐசக்கிடமிருந்து அவன் தங்கை ஜாஸ்மின், ஜாஸ்மினிடமிருந்து காப்பிக் கடைக் குந்தர். குந்தர் ஏற்கெனவே சொல்லிவிட்டிருக்கிறான். தன்மேல் தவறில்லை என்று நம்புகிறவர் யாரும் இப்படி ஊர் முழுக்க ஓடமாட்டார்.

மண்டபத்து மாணவி எழுதியது:

நான் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படிக்கிறேன். இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் பருவத்தில், 1996 பிப்ரவரி 1 அன்று வந்த பழைய காணொளி அத்தியாயத்தில், தோழி ஃபீபி ராஸிடம் ரேச்சலைப் பற்றி ‘அவள் உன்னுடைய லாப்ஸ்டர்’, அதாவது உன் சிங்கி இறால், என்கிறாள். அந்த உயிரினம் காதலில் விழுந்தால் வாழ்நாள் முழுக்க ஒரே துணையோடு இருக்கும், முதிர்ந்த இணைகள் தொட்டிக்குள் கொடுக்குகளைக் கோத்துக்கொண்டு நடந்து போகும் என்று விளக்குகிறாள். உலகெங்கும் ரசிகர்கள் இந்த வரியைத் திருமண அழைப்பிதழில்கூட அச்சடிக்கிறார்கள்.

நம் மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சிங்கி இறாலுக்குக் கோத்துக்கொள்ளக் கொடுக்கே கிடையாது. நீண்ட உணர்கொம்புகள் மட்டும்தான். ஃபீபி சொல்வது அமெரிக்கக் கடலின் பெரிய கொடுக்கு உள்ள இனம். அதுவும் வாழ்நாள் துணை தேடும் உயிரினம் இல்லை. வலுவான ஆண் ஒன்று தன் பொந்தில் இருக்கும். பெண் சட்டை உரிக்கும் காலத்தில் அங்கே வந்து, மேலோடு இறுகும்வரை சில நாள்கள் தங்கிவிட்டுப் போகும். பிறகு அடுத்த பெண் வரும்.

உயிரியல் பிழையைச் சுட்டிக்காட்டுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அந்த உவமை இந்தக் காதலுக்குப் பெரிய தீங்கு செய்துவிட்டது என்று நம்புகிறேன். ‘விதிக்கப்பட்டவர்கள்’ என்று ஒருமுறை முடிவுகட்டிவிட்டால், பிறகு ஒருவருக்கொருவர் என்ன செய்துகொண்டாலும் கடைசியில் சேர்ந்துதானே ஆக வேண்டும் என்ற சலுகை வந்துவிடுகிறது. உண்மையான துணை வேண்டுமானால் நம் பாக் நீரிணைக் கடற்புல்லில் கடல் குதிரையைத் தேடலாம். சில இனக் கடல் குதிரைகள் அந்தப் பருவம் முழுவதும் ஒரே இணையோடு இருக்கும். இணைகள் ஒவ்வொரு காலையிலும் சந்தித்து, நிறம் மாறி, வாலைப் பின்னிக்கொண்டு, சற்று நேரம் ஒன்றாக நீந்திவிட்டுப் பிரியும். நேற்று சந்தித்தோமே என்று இன்றைக்கு விட்டுவிடுவதில்லை. கீழக்கரை அக்காவின் கணவர் சொன்ன “முடித்துவிட்டு நீயே கூப்பிடு” என்பதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அதே அத்தியாயத்தின் காணொளியையும் கவனியுங்கள். பள்ளி இறுதி விருந்துக்கு ரேச்சலை அழைத்துப்போக வேண்டியவன் வரவில்லை என்று அவள் அழுகிறாள். ராஸ் அப்பாவின் உடையை அணிந்துகொண்டு, கையில் பூவோடு மாடிப்படியில் இறங்கி வருகிறான். அதற்குள் வர வேண்டியவன் வந்துவிட, ரேச்சல் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, அவள் எழுந்து அறையைக் கடந்து போய் அவனை முத்தமிடுகிறாள். எனக்கும் கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் அவள் அறியாமல் அவன் காத்திருந்த அந்த ஆண்டுகள் அவனிடம் ஒரு கடன் பத்திரம்போல இருக்கின்றன. காத்திருந்தவனுக்குக் கூலி வேண்டும் என்பதுபோல, அவளுடைய நேரம் தனக்கு உரியது என்று அவன் நினைக்கத் தொடங்குகிறான். உணவுக் கூடை அங்கிருந்துதான் வருகிறது.

தொண்டி வாசகர் எழுதியது:

மகளே, மிகத் தெளிவாக எழுதியிருக்கிறாய். நான் கதை எழுதுகிறவர்களின் பக்கத்திலிருந்து பேசுகிறேன், ஏனென்றால் பாத்திரங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது அவர்களை எழுதியவர்கள் பார்வையாளர் வரிசையில் வசதியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாரம் ஒருமுறை, ஆண்டுக்கு 24 அல்லது 25 அத்தியாயங்கள் வரும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களுக்கு ஒரு பழைய பயம் உண்டு. காதலர் இருவரைச் சேர்த்துவிட்டால் பார்க்கிறவர்களின் தவிப்பு அடங்கிவிடும், தவிப்பு அடங்கினால் தொடர் படுத்துவிடும் என்பது அந்தப் பயம். 1982இல் தொடங்கிய சியர்ஸ் தொடரில் சாமும் டயானும் சேர்ந்தார்கள், பிரிந்தார்கள், மறுபடி சேர்ந்தார்கள். 1987இல் டயானாக நடித்தவர் விலகிய பிறகு அது வேறு கதையாகவே நடந்தது. 1993இல் கடைசி அத்தியாயத்துக்கு டயான் திரும்பி வருகிறாள். இருவரும் விமானத்தில் ஏறுகிறார்கள். மனம் மாறிப் பிரிகிறார்கள். பதினொரு ஆண்டு கழித்து ஃப்ரெண்ட்ஸும் ஒரு விமானத்தில் வந்து முடிகிறது என்பதை மனத்தில் வையுங்கள்.

ராஸ், ரேச்சல் கதையை அந்தப் பயம்தான் இழுத்தது. 1998 மே 7 அன்று லண்டனில் எமிலி என்ற பெண்ணை மணக்கும் மேடையில் ராஸ் ரேச்சலின் பெயரைச் சொல்கிறான். 1999 மே 20 அன்று லாஸ் வேகாஸில் குடிபோதையில் அவளையே மணக்கிறான். அந்த மணத்தை ரத்துசெய்துவிட்டதாக அவளிடம் பொய் சொல்கிறான். பிறகு மணமுறிவு. பிறகு குழந்தை. குழந்தை பிறந்தும் சேரவில்லை. இடையில் ராஸின் நண்பன் ஜோயியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அந்த ஜோயி கதை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, அதைப் பற்றி மேலே பேசவும் விருப்பமில்லை.

அந்தப் பயம் பொய் என்பதற்கு அதே தொடருக்குள்ளேயே சான்று இருக்கிறது. ராஸின் திருமணம் குலைந்த அதே லண்டன் பயணத்தில்தான் அவர்களின் நண்பர்கள் மோனிகாவும் சாண்ட்லரும் சேர்ந்தார்கள். எழுதியவர்கள் அதை நீண்ட காதலாகத் திட்டமிடவில்லை. படப்பிடிப்பு அரங்கில் இருந்த மக்கள் எழுப்பிய ஆரவாரத்தைக் கண்டுதான் தொடர முடிவெடுத்தார்கள் என்பது பலமுறை பதிவான செய்தி. அந்த இருவரும் அதன்பிறகு பிரியவே இல்லை. 2001இல் மணந்தார்கள், குழந்தைக்காக ஏங்கினார்கள், வீடு மாறினார்கள். ஒரு வாரமும் அலுப்புத் தட்டவில்லை. சேர்ந்து வாழ்வதிலும் நகைச்சுவை இருக்கிறது என்று ஒரு வீட்டில் காட்டியவர்கள், எதிர் வீட்டுக் காதலை மட்டும் ஏன் பத்தாண்டு அலைக்கழித்தார்கள்?

நம் மரபில் ஊடலுக்கு அளவு உண்டு. உணவில் உப்பைப்போல, ஒரு கை கூடினால் பண்டமே பாழ். மருதத்துக்கு ஊடலையும் நெய்தலுக்கு இரங்கலையும் பிரித்துவைத்த மொழியில் பிறந்த நமக்கு, மூன்றாம் பருவம்வரை நாம் பார்த்தது ஊடல் என்பதும், அதன்பின் பார்த்தது உப்புக் கரித்த பண்டம் என்பதும் நாவிலேயே தெரியும்.

பாம்பன் பாலத்தடி எழுதியது:

தேவிபட்டினம் அக்காவின் கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். முதல் இரவே வேறு துறையில் படகை இறக்கியவரைப் பற்றி எங்கள் கரையில் நல்லபடியாகப் பேசமாட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் மறைத்ததற்கும் அவனுக்காகப் பேச என்னிடம் ஒன்றுமில்லை.

ஆனால் அவன் பயந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் எடையில் வைக்க வேண்டும். முதல் மனைவி கரோல், சூசன் என்ற பெண்ணை விரும்பிப் பிரிந்து போனவள். அவன் வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே அது நடந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. ஒருமுறை அடிபட்டவன் அடுத்த முறை காற்று மாறினாலே நங்கூரத்தைப் பிடிப்பான். மார்க்கைக் கண்டு அவன் ரேச்சலின் அலுவலகத்துக்குப் பூவும் பாட்டுக்குழுவும் அனுப்பியதெல்லாம் அழகில்லாத செயல்தான். ஆனால் அது ஆணவத்தில் செய்ததில்லை, பயத்தில் செய்தது.

அவன் மாறவே இல்லை என்ற எண்ணமும் சரியில்லை. பத்தாம் பருவத்தில் ரேச்சல் ரால்ஃப் லாரன் ஆடை நிறுவனத்தில் வேலை இழந்து, பாரிஸில் லூயி வித்தோன் நிறுவனத்தில் வேலை கிடைக்கிறது. அவள் போய்விடக் கூடாது என்று ராஸ் அவளுடைய பழைய மேலாளரிடமே போய்ப் பேசி, வேலையைத் திருப்பிக் கொடுக்க வைக்கிறான். அங்கேயே நின்றிருந்தால் அவன் பழைய ராஸ். பாரிஸ் என்றதும் அவள் முகம் மலர்வதைப் பார்த்த பிறகு, நீ போ என்று அவனே சொல்கிறான். 1997இல் மேசைமேல் கூடையை விரித்தவன் 2004இல் அப்படிச் சொன்னான். இதை ஏன் யாரும் அவன் கணக்கில் வரவு வைப்பதில்லை?

கீழக்கரை வாசகி எழுதியது:

பாம்பன் அண்ணன் சொன்னதை வரவில் வைக்கிறேன். உண்மையாகவே அந்தக் காட்சியை நான் மறந்திருந்தேன். அதை மறுபடி பார்த்தேன். அவன் அப்படிச் சொல்லும்போது முகத்தில் தெரியும் வலி, அந்த நடிகரின் பத்தாண்டு உழைப்பில் எனக்கு மிகப் பிடித்தவற்றுள் ஒன்றாகிவிட்டது.

அதனாலேயே கடைசி அத்தியாயம் எனக்கு இன்னும் கசக்கிறது. 2004 மே 6 அன்று அமெரிக்காவில் மட்டும் சுமார் 5 கோடியே 25 லட்சம் பேர் பார்த்த அத்தியாயம் அது. ராஸும் ஃபீபியும் தவறான விமான நிலையத்துக்குப் போகிறார்கள். ரேச்சலின் விமானம் நியூவார்க்கிலிருந்து புறப்படுகிறது, இவர்கள் கென்னடியில் நிற்கிறார்கள். எப்படியோ போய்ச் சேர்ந்து அவன் காதலைச் சொல்கிறான். அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஏறிவிடுகிறாள். வீட்டுக்கு வந்தால் தொலைபேசிப் பதிவில் அவள் குரல். இறங்க வேண்டும் என்று பணிப்பெண்ணிடம் மன்றாடுகிறாள். பதிவு பாதியில் நிற்கிறது. இறங்கினாளா என்று அவன் கத்துகிறான். வாசலில் நின்று, இறங்கிவிட்டேன் என்கிறாள்.

நான் அழுதேன். அழுது முடித்த பிறகு ஒன்று உறுத்தியது. 1997இல் கேட்கப்பட்ட கேள்வி, அவள் வேலையா, அவன் காதலா என்பது. ஏழு ஆண்டு கழித்து அதே கேள்வி வந்தபோதும் இறங்கி வர வேண்டியவள் அவளாகவே இருக்கிறாள். நீ போ என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்தவன், கடைசியில் போகாதே என்று சொல்ல ஓடுகிறான். பாரிஸ் வேலை என்னவாயிற்று என்று ஒருவரும் ஒரு வரிகூடக் கேட்பதில்லை. இனிமேல் முட்டாள்தனம் வேண்டாம் என்று இருவரும் சொல்லிக்கொள்ளும் இடத்திலும் அவன் அந்த ‘பிரேக்’ வசனத்தைத்தான் நினைவுபடுத்துகிறான், கூடையை நினைவுபடுத்துவதில்லை.

மண்டபத்து மாணவி எழுதியது:

அக்கா, நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ராஸ் பாரிஸுக்குப் போயிருக்கலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் கரோலுக்குப் பிறந்த மகன் பென் நியூயார்க்கில் இருக்கிறான். அவனை விட்டுப்போக முடியாது. இன்னொரு பக்கம், ரேச்சல் போயிருந்தால் குழந்தை எம்மா அப்பாவை விட்டுப் பிரிந்திருப்பாள். யாராவது ஒருவர் எதையாவது இழந்தே ஆக வேண்டிய முடிச்சு அது. இழப்பு ஏன் அவளுக்கே என்பதற்கு இது விடையாகாது. அப்படி ஒரு முடிச்சு இருந்தது என்பதையாவது அந்தக் கடைசி அத்தியாயத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

தேவிபட்டினம் அக்கா எழுதியது:

இவ்வளவு குறை சொல்லியும் நாம் ஏன் இருபது ஆண்டாக இவர்களை விடவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டாம் பருவத்தின் ஏழாம் அத்தியாயம், 1995 நவம்பர் 9. கடை மூடிவிட்டது, வெளியே மழை. கடைக்குள் இருவரும் கத்திக்கொள்கிறார்கள். அவன் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். அவள் கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்து அழுகிறாள். நிமிர்ந்தால் கண்ணாடிக்கு அப்பால் அவன் நிற்கிறான். ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் திறக்கிறாள். பதற்றத்தில் ஒன்று வரவில்லை. அவன் வெளியிலிருந்து இன்னொரு தாழைக் கையால் காட்டுகிறான். அந்த நான்கைந்து நொடிகளுக்கு அவள் விரல்கள் படும் பாட்டை நான் எத்தனை முறை பார்த்தாலும் மூச்சு நின்றுபோகிறது. 2021இல் எல்லா நடிகர்களும் மீண்டும் கூடிய சிறப்பு நிகழ்ச்சியில், முதல் பருவத்தில் தங்களுக்கு உண்மையிலேயே ஒருவர்மேல் ஒருவருக்கு விருப்பம் இருந்தது என்று ரேச்சலாக நடித்த ஜெனிஃபர் அனிஸ்டனும் ராஸாக நடித்த டேவிட் ஷ்விம்மரும் சொன்னார்கள். அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தவர்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

தொண்டி வாசகர் எழுதியது:

‘பிரேக்’ பற்றி ஒன்றே ஒன்று. இந்த வசனத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். இடைவெளி என்றால் அவள் கட்சி வென்றுவிடும். முறிவு என்றால் அவன் கட்சி வென்றுவிடும். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால்தான் நான்காம் பருவத்தின் தொடக்கத்தில் அவள் 18 பக்கக் கடிதம் எழுத நேர்கிறது; அவன் படித்து முடிக்காமல் தூங்கிவிட்டு, படித்ததுபோல ஒப்புக்கொண்டு, பிறகு மாட்டிக்கொள்கிறான். அந்தக் கடிதம் முழுவதும் பழியை யார் ஏற்பது என்பதைப் பற்றியது. அன்று மாலை எனக்கு ஏன் நேரம் இல்லாமல் போயிற்று என்று அவள் ஒரு பக்கம் எழுதியிருந்து, அவனும் அந்த ஒரு பக்கத்தையாவது படித்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

பாம்பன் பாலத்தடி எழுதியது:

நேற்றிரவு கடல் சரியில்லாததால் படகு போகவில்லை. இந்த இழையை மனைவிக்குப் படித்துக் காட்டிவிட்டு, அந்த மூன்றாம் பருவ அத்தியாயத்தை மறுபடி போட்டுப் பார்த்தோம். முதல் தடவை தடைக்காலத்தில் பார்த்தபோது அவள் ராஸுக்காக வருத்தப்பட்டாள். நேற்று, அவன் மிளகு அரைக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

நான் கடலிலிருந்து எப்போது வருவேன் என்று அவளுக்குத் தெரியாது. காற்றைப் பொறுத்து, கிடைக்கும் மீனைப் பொறுத்து, விடியற்காலையும் ஆகும், மறுநாள் பகலும் ஆகும். இத்தனை ஆண்டில் அவள் ஒருநாளும் சோற்றுப்பானையோடு படகுத்துறைக்கு வந்து, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “வேலைக்குப் போனவள் வருகிறபோது வரட்டும் என்று சோற்றை மூடிவைக்க அவனுக்குத் தெரியவில்லையே. எனக்கு யாரும் சொல்லியா கொடுத்தார்கள்?”

நான் பதில் சொல்லவில்லை. பிரேக் என்ற சொல்லைப் பற்றி முதலில் எழுதியதை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் சண்டை அந்தச் சொல்லில் தொடங்கவில்லை என்று கீழக்கரைச் சகோதரி சொன்னது சரி. காற்று தணியும்வரை அடுத்த பருவத்தையும் பார்க்கலாம் என்றாள். தொண்டி ஐயா சொன்ன அந்தக் கடிதம் வரும் அத்தியாயத்தை இன்று இரவு போடுகிறோம்.